ஆர்டிட்டி வாசித்த ‘ஃப்ரீமன் எட்யூடு’களைக் கேட்பது எப்படி

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒற்றை வயலினுக்காக எழுதிய 32 ‘ஃப்ரீமன் எட்யூடு’களையும் லண்டனைச் சேர்ந்த இர்வின் ஆர்டிட்டி வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். நியூயார்க்கின் மோட் நிறுவனம் அதை 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் இரண்டு குறுந்தகடுகளாக வெளியிட்டது. எட்டு எட்யூடுகள் கொண்ட நான்கு தொகுதிகளில் முதல் இரண்டு முதல் தகட்டிலும் மற்ற இரண்டு அடுத்த தகட்டிலும் உள்ளன. முதன்முறை கேட்டபோது நான்காவது எட்யூடைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டவன் நான். வயலினிலிருந்து யாரோ ஒரு கைப்பிடி ஸ்வரங்களை அள்ளித் தரையில் எறிந்ததைப் போலத்தான் அப்போது இருந்தது. பிறகு பல முறை திரும்பச் சென்று கேட்டதில் கண்டுகொண்ட சில வழிகளை, இதே இடத்தில் தடுக்கி நிற்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எட்யூடு என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நம் சங்கீத வழக்கில் சாதகப் பாடம் என்று பொருள் சொல்லலாம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு எந்த மாணவரும் காலையில் சாதகம் செய்ய இயலாது. வயலினின் தொழில்நுட்ப எல்லை எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும் மேடைப் படைப்புகள் இவை. இத்தாலிய வயலின் மேதை பாகனினி தனி வயலினுக்காக எழுதிய 24 ‘கேப்ரிஸ்’களும் தம் காலத்தில் அதைத்தான் செய்தன. ஆனால் அவற்றில் பற்றிக்கொள்ள மெட்டு இருக்கிறது, சுருதி மையம் இருக்கிறது, எங்கே கை தட்ட வேண்டும் என்பதும் தெரிகிறது. கேஜிடம் இந்த மூன்றும் கிடையாது என்பதால், கேட்பவர் முதலில் தம் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள, இது எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வது மிகவும் உதவும். பொதுவாக ஒரு படைப்பின் வரலாற்றைப் படித்துவிட்டுக் கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இங்கே மட்டும் விதிவிலக்கு. 1977இல் கலிஃபோர்னியாவின் இசைப் புரவலர் பெட்டி ஃப்ரீமன் அளித்த ஆதரவில், வயலின் கலைஞர் பால் சுகோஃப்ஸ்கிக்காகக் கேஜ் இவற்றை எழுதத் தொடங்கினார். வாசிப்பவரின் விருப்பத்துக்கு எதையும் விடாமல் எல்லாவற்றையும் துல்லியமாக எழுதித் தர வேண்டும் என்பது சுகோஃப்ஸ்கியின் வேண்டுகோள். கேஜ் விண்மீன் வரைபடங்களின் மேல் தாளை வைத்து, விண்மீன்கள் இருந்த இடங்களிலிருந்து ஸ்வரங்கள் விழும் இடங்களைப் பெற்றார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எந்தத் தந்தியில், வில்லை எவ்வாறு பிடித்து, எவ்வளவு உரக்க வாசிப்பது என்பன போன்றவற்றைச் சீனத்தின் பழைய குறிபார்க்கும் நூலான ‘ஈ சிங்’ முறையில் கிடைக்கும் 1 முதல் 64 வரையிலான எண்களைக் கொண்டு, தம் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்காமல் தீர்மானித்தார்.

இரண்டு அல்லது மூன்று தந்திகள் ஒருசேர ஒலிக்கும் இடங்களில்தான் இந்த முறை சுவையானதாகிறது. ஒரு தந்தியில் இன்ன ஸ்வரம் என்று முடிவான பின், அதைப் பிடித்தபடியே அடுத்த தந்தியில் விரல்கள் எட்டக்கூடிய ஸ்வரங்கள் எவையெவை என்று சுகோஃப்ஸ்கியிடம் கேட்டுப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலிலிருந்தே தற்செயல் முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே இதிலுள்ள ஒவ்வொரு ஒலியும், தனியாக எடுத்துக்கொண்டால், மனிதக் கையால் வாசிக்கத் தக்கது. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு, கொடுத்திருக்கும் நேரத்துக்குள் கையும் வில்லும் போய்ச் சேர்வதுதான் கடினம். இந்த ஒலிப்பதிவைக் கேட்பதற்கான சாவி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து: ஸ்வரங்களைக் கேட்பதைவிட, ஸ்வரங்களுக்கு இடையே நடக்கும் பயணத்தைக் கேட்கப் பழக வேண்டும்.

மனோதர்மம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவே முடியாததால், கலைஞர் அந்தக் கணத்தில் தோன்றியதை வாசிக்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஆர்டிட்டி இங்கே எதையும் கற்பனை செய்யவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும், அதன் உரப்பும், அது எழும் தந்தியும் தாளில் எழுதப்பட்டவை. சில ஸ்வரங்கள் வழக்கமான சுருதியைவிடச் சற்றுக் கூடியோ குறைந்தோ ஒலிக்க வேண்டும் என்று குறிகள் போடப்பட்டிருக்கின்றன. ஆகையால் அபஸ்வரம் என்று காது முறையிடும் இடங்களிலும், எழுதியதை அப்படியே வாசித்திருக்கிறார் என்ற நம்பிக்கையோடு மேலே செல்லலாம்.

கேட்பதற்கான ஏற்பாடு

இந்தப் பதிவில் மிக மென்மையான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் அரை நொடியில் கடக்கப்படுகிறது. எனவே ஒலியளவை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் எட்யூடில் மிக உரத்த இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது காதை உறுத்தாமல் ஒலிக்கும் அளவில் நிறுத்திக்கொண்டு, பிறகு அந்தக் கைப்பிடியைத் தொடாதிருங்கள். மென்மையான இடங்கள் கேட்கவில்லை என்று கூட்டினால் அடுத்த நொடியே வருந்த நேரிடும். கைப்பேசிச் செயலிகளில் ஒலியளவைத் தானே சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுவது நல்லது. சமப்படுத்துவது என்பது இந்த இசைக்கு நேர் எதிரான செயல். வரிசையைக் கலைத்துப் போடும் வசதியையும் அணைத்துவிடலாம், தற்செயல் வேலையைக் கேஜ் ஏற்கெனவே முடித்துவிட்டார்.

மின்விசிறியும் ஒரு தடை. கிசுகிசுப்பாக வரும் ஒலிகளை அதன் இரைச்சல் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. விசிறியை மூன்று நிமிடம் நிறுத்திவைக்கலாம். அதற்கும் மனமில்லாதவர்கள் காதை மூடும் வகை ஹெட்ஃபோனைப் பயன்படுத்தலாம். ஹெட்ஃபோனில் வில்லின் ரோமம் தந்தியைப் பற்றும் அந்த முதல் உரசல்கூட நன்றாகக் கேட்கும் என்பதால், முதல் சில முறைகளுக்கு அதையே நான் விரும்புகிறேன். நல்ல ஒலிபெருக்கியில் கேட்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் அந்த வயலின் அறைக்குள் ஓர் ஆளின் கையில் இருக்கிறது என்ற உணர்வு வருகிறது.

ஒரே எட்யூடு, பல முறை

முழுத் தகட்டையும் ஒரே மூச்சில் கேட்க முயலாதீர்கள். முதல் எட்யூடை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறொன்றின் மீது கவனம் வைத்துக் கேளுங்கள். ஓர் எட்யூடு கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும் என்பதால் இதற்குப் பெரிய பொறுமை வேண்டியதில்லை.

முதன்முறை, ஒவ்வொரு ஒலியும் எவ்வாறு பிறக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். சாதாரணமாக வில்லின் ரோமம் தந்தியை இழுக்கும் ஒலி நமக்குப் பழக்கமானது. தந்தியை விரலால் மீட்டினால் அது பிட்சிகாட்டோ. அதிலும் தந்தியை மேலே இழுத்துவிட்டு, அது விரல் பலகையில் ‘சட்’ என்று மோதும்படி செய்வது ஒரு தனி வகை, வாசிப்பின் நடுவே யாரோ கதவைச் சாத்தியதைப் போல அது விழும். வில்லைத் திருப்பி அதன் மரத்தால் தந்தியைத் தட்டினால் சுள்ளி முறிவதை ஒத்த உலர்ந்த ஒலி எழும். இதற்குக் கோல் லெக்னோ என்று பெயர். வில்லைக் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டுக்கு, மிக அருகே கொண்டுபோய் இழுத்தால் அடிப்படைச் சுருதி மெலிந்து, மேலொலிகள் கூர்மையாக வெளிப்பட, கண்ணாடியில் நகம் கீறுவது போன்ற கூச்சம் கலந்த ஒளி ஒன்று ஒலியில் சேரும்.

ஹார்மோனிக் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தந்தியை விரல் பலகையோடு அழுத்தாமல், அதன் சரிபாதியில் விரலை மெல்லத் தொட்டபடி வில்லை இழுத்தால் தந்தி இரண்டு சம பகுதிகளாக அதிர்ந்து, ஒரு ஸ்தாயி மேலே புல்லாங்குழல் போன்ற வெறுமையான ஒலியைத் தரும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் மேல் ஸ்தாயியின் பஞ்சமம் கிடைக்கும். விரல் நூலிழை அளவு விலகினாலும் இந்த ஒலி வராது, கீறல்தான் வரும். அழுத்திப் பிடித்த ஸ்வரத்திலிருந்து ஹார்மோனிக்குக்குத் தாவும்போது இடக்கை தன் முழு எடையையும் ஒரு கணத்தில் விட்டுவிட வேண்டும்; அதோடு வலக்கை வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்ற வேண்டும். ஆர்டிட்டியின் பதிவில் இந்த மாற்றங்கள் எத்தனை சுத்தமாக நிகழ்கின்றன என்பதே முதல் வியப்பு.

இரண்டாம் முறை உரப்பையும் மென்மையையும் மட்டும் பின்தொடருங்கள். பொதுவாக இசையில் உரப்பு படிப்படியாக ஏறி இறங்கும், அதைக் கொண்டு வாக்கியங்களின் வடிவத்தை உணர்கிறோம். இங்கே அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களில் ஒன்று அறையை நிறைப்பதாகவும் மற்றொன்று மூச்சுக்காற்றளவாகவும் இருக்கக்கூடும். கண்ணை மூடிக்கொண்டால், உரத்தவை அருகிலும் மெல்லியவை தொலைவிலும் இருப்பதாக ஒரு மயக்கம் தோன்றி, ஒற்றை வயலின் ஆழமுள்ள ஒரு வெளியாக விரியத் தொடங்கும். ஒளி மிகுந்தவையும் மங்கியவையுமான விண்மீன்களின் நினைவு அப்போது தானாகவே வருகிறது. படம் பார்த்து எழுதிய இசை என்பதால் வருகிறதா, படத்தைப் பற்றி நாம் படித்துவிட்டதால் வருகிறதா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் முறை தாவல்களைக் கேளுங்கள். வயலினின் மிகத் தாழ்ந்த ‘ஜி’ தந்தியில் ஒரு ஸ்வரம் ஒலித்த அடுத்த கணமே ‘ஈ’ தந்தியின் உச்சியில் இன்னொன்று ஒலிக்கும்போது, இடக்கை கழுத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியிருக்கிறது, வில் நான்கு தந்திகளின் வளைவையும் கடந்திருக்கிறது. வயலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் தாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: ‘ஜி’ தந்தியை வில்லின் மரத்தால் ஒரு முறை மெல்லத் தட்டிவிட்டு, அரை நொடிக்குள் ‘ஈ’ தந்தியின் மேற்பகுதியில் ஓர் ஹார்மோனிக்கை உரக்க எழுப்புங்கள். சுருதி பிசகாமல் பத்தில் மூன்று முறை வந்தால் உங்களைப் பாராட்டலாம். ஆர்டிட்டி அதைப் போன்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிமிடக் கணக்கில் செய்கிறார்.

தாளத்தைப் பற்றி ஒரு சொல். எழுத்துப் பிரதியில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும், அதாவது ஒவ்வொரு அளவையும், சம நேரம் கொண்டது, ஆனால் அளவையின் தொடக்கம் காதுக்குத் தெரியும்படி எந்த அழுத்தமும் கொடுக்கப்படவில்லை. ஸ்வரங்கள் அதனுள் சீரற்ற இடைவெளிகளில் விழுகின்றன. தொடையில் தாளம் போட்டுப் பார்க்கும் நம் பழக்கத்தை அந்த மூன்று நிமிடங்களுக்கு விட்டுவிடுவது நல்லது. அதற்குப் பதிலாக, நெருக்கம் எங்கே கூடுகிறது, எங்கே ஆள் நடமாட்டமற்ற தெருவைப் போல வெறிச்சோடுகிறது என்று கவனித்தால் ஒவ்வொரு எட்யூடுக்கும் தனி முகம் இருப்பது புலப்படும்.

எழுத்துப் பிரதி கிடைத்தால்

பீட்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்டுள்ள எழுத்துப் பிரதி ஏதேனும் இசைக் கல்லூரி நூலகத்தில் கிடைத்தால், ஒரு முறையாவது அதை விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மேலைக் குறிமானம் படிக்கத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தாளில் இடமே காலம் என்பதால், இரண்டு ஸ்வரங்கள் தள்ளியிருந்தால் நேரமும் தள்ளியிருக்கிறது என்று பொருள். விரலை இடமிருந்து வலமாகச் சீராக நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரளவு பின்தொடரலாம். ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் குறிகள் எறும்புகளைப் போல மொய்த்திருப்பதைப் பார்த்த பின், இதை ஒருவர் வாசிக்க முன்வந்தாரே என்ற எண்ணம் வருவது இயல்பு. எனினும் முதல் முறையே பிரதியோடு தொடங்க வேண்டாம். கண் முந்திக்கொண்டால் காது சோம்பிவிடுகிறது.

17ஐத் தாண்டும் முன்

இரண்டாம் தகட்டுக்குப் போவதற்கு முன் மேலும் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே வாசிப்பவரே படைப்பின் போக்கை மாற்றியிருக்கிறார். 1980இல், 17 எட்யூடுகளை முடித்து 18ஆவதில் இருந்த கேஜ், விண்மீன்களிலிருந்து கிடைத்த ஸ்வரங்கள் மனிதரால் வாசிக்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டதைக் கண்டு பணியை நிறுத்திவிட்டார். அது அப்படியே பல ஆண்டுகள் கிடந்தது. 1988இல் ஆர்டிட்டி முதல் 16 எட்யூடுகளையும் லண்டனில் 56 நிமிடங்களில் வாசித்தார். சில மாதங்கள் கழித்து அவற்றையே 46 நிமிடங்களில் முடித்தார். ஏன் இத்தனை வேகம் என்று கேஜ் கேட்டபோது, முடிந்தவரை வேகமாக வாசிக்க வேண்டும் என்று முன்னுரையில் நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று ஆர்டிட்டி பதில் சொன்னாராம். சராசரியாகப் பார்த்தால் ஓர் எட்யூடுக்கு மூன்றரை நிமிடமாக இருந்தது மூன்று நிமிடத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த ‘முடிந்தவரை’ என்ற சொல்லே கேஜுக்கு வழி திறந்துவிட்டது. 18ஆவது எட்யூடில் முடிந்த அளவு ஸ்வரங்களை வாசித்தால் போதும் என்று குறிப்பு எழுதினார். தம் பழைய தற்செயல் முறையின் நுணுக்கங்களை மீட்டெடுக்க இசை ஆய்வாளர் ஜேம்ஸ் பிரிட்சட்டின் உதவியைப் பெற்று, 1990இல் 32ஐயும் நிறைவு செய்தார். 1991 ஜூனில் ஸூரிச்சில் ஆர்டிட்டி முழுத் தொகுப்பையும் முதன்முதலாக வாசித்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேஜ் காலமானார்.

ஆகவே 17, 18 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது, பத்தாண்டு இடைவெளியை ஒரு மௌனத்தில் தாண்டுவதாகும். 18இல் எதைத் தேட வேண்டும் என்றால், விடுபட்ட ஸ்வரங்களை அல்ல. அவை நமக்குத் தெரியப் போவதில்லை. உடல் தன் எல்லையைத் தொடும்போது ஒலியில் ஏற்படும் கரகரப்பையும், வில் தந்தியை விட்டு எழும் சின்னச் சின்ன மூச்சுகளையும் தேடுங்கள். உலகத்தின் சிக்கல்களைத் தீர்க்கவே முடியாது என்போருக்கு, முடியாததும் முடியக்கூடியதே என்று காட்டும் சான்றாகக் கேஜ் இந்தக் கடினத்தைக் கருதினார். வயலின் கச்சேரியிலிருந்து உலகச் சிக்கல் வரை அந்தப் பாலம் எட்டுமா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆனால் 18ஐக் கேட்கும்போது அந்த ஐயம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறது.

எட்டு எட்டாக

தனித்தனியாகப் பழகிய பின், ஒரு தொகுதியின் எட்டு எட்யூடுகளையும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் பத்து நிமிடத்தில் காது ஏதாவது ஒழுங்கைத் தேடித் தேடிக் களைத்துப் போகும்; அதற்குப் பிறகு, எப்போது என்று தெரியாமலே, தேடுவதை விட்டுவிடும். அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகத்தான் எட்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். 1940களில் கீதா சாராபாய் என்ற இந்திய இசைக் கலைஞர் நியூயார்க்கில் கேஜிடம் மேலை இசை பயின்று, அதற்குப் பதிலாக அவருக்கு இந்திய இசையைக் கற்றுக் கொடுத்தார். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வீகத் தாக்கங்களுக்கு ஏற்றதாக ஆக்குவதே இசையின் நோக்கம் என்று தம் ஆசிரியர் சொன்னதை அவர் எடுத்துரைக்க, கேஜ் அதை வாழ்நாள் முழுதும் மேற்கோள் காட்டிவந்தார். இத்தனை பதற்றமாகத் தாவும் வயலின் எப்படி மனத்தை அமைதிப்படுத்தும் என்று கேட்கலாம். எட்டாவது எட்யூடுக்கு வரும்போது கேட்டுப் பார்த்தால் கேள்வி அத்தனை வேடிக்கையாகத் தோன்றாது.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் சுற்றுவழி இருக்கிறது. யெஹூதி மெனுஹினுக்காகப் பார்ட்டோக் 1944இல் எழுதிய தனி வயலின் சொனாட்டாவில் தொடங்குங்கள். கடினமானது, ஆனால் மெட்டும் வடிவமும் உண்டு. அடுத்து லூச்சியானோ பெரியோ தனி வயலினுக்காக எழுதிய எட்டாவது ‘செக்வென்சா’வைக் கேட்கலாம், ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு ஸ்வரங்கள் அதில் திசைகாட்டியாக நின்று உதவுகின்றன. சால்வத்தோரே ஷாரினோவின் ஆறு கேப்ரிஸ்கள் பெரும்பாலும் ஹார்மோனிக்குகளாலேயே ஆனவை என்பதால், அந்த ஒலிக்குக் காதைப் பழக்க அவற்றைவிட நல்ல பயிற்சி கிடையாது. கேஜின் முதல் எட்டு எட்யூடுகளைச் சுகோஃப்ஸ்கியே வாசித்த பழைய பதிவு ஒன்றும் உண்டு. ஆர்டிட்டியின் முதல் எட்யூடு மனத்தில் நன்றாகப் பதிந்த பின் அதனோடு ஒப்பிட்டால், ஒரே எழுத்துப் பிரதி இரண்டு உடல்களில் எத்தனை வேறாக வாழ்கிறது என்பது காதுக்கே தெரியும். ஒப்பிடுவதை அவசரப்பட்டு முதலிலேயே செய்துவிட்டால் இரண்டும் ஒரே குழப்பமாகத்தான் ஒலிக்கும்.

கடைசியாக ஒரு சிறு எச்சரிக்கை. இந்த இசை முடியப்போகிறது என்று எந்த இடத்திலும் சொல்வதில்லை, மங்களம் பாடி எழுந்திருப்பதும் இல்லை. அடுத்த பாடலைத் தானாகத் தொடங்கும் வசதியை முன்கூட்டியே அணைத்து வைக்காவிட்டால், 32ஆவது எட்யூடு எங்கே நின்றது என்பதையே நீங்கள் கவனிக்காமல் போய்விடுவீர்கள்.